விளையாட்டுக் கணினிக்கு நினைவகம் தேர்ந்தெடுத்தல்

(கல்லூரி மாணவர் மன்றமொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மன்றத்தின் செயலாளர் என்னை அழைக்க வந்தபோது, எதைப்பற்றிப் பேசலாம் என்று நான் கேட்டேன். அவர் சற்றும் யோசியாமல், "சார், நாங்கள் நாலைந்து பேர் கேம் விளையாடுவதற்கென்று புதிதாகக் கணினி கட்டப் போகிறோம், பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் முடிவாகிவிட்டன, ராம் மட்டும் 6000 வாங்குவதா, 7200 வாங்குவதா என்று தெரியவில்லை, அதைப்பற்றியே பேசிவிடுங்களேன்" என்றார். ஒரு பொதுக்கூட்டத்துக்கு இது தகுந்த விஷயந்தானா என்று முதலில் எனக்குத் தயக்கம் உண்டாயிற்று. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தபோது, நினைவகத்தின் குணமெல்லாம் அதன் பெட்டிமேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணிலேயே அடங்கியிருக்கிறது என்னும் ஓர் அனுமானம் அவருடைய கேள்விக்குள் மறைந்து நிற்பதையும், அந்த அனுமானத்தை நம்பிப் பணத்தையும் தூக்கத்தையும் இழந்த பிள்ளைகள் சிலரை நானே அறிந்திருப்பதையும் எண்ணி, அந்தப் பொருளையே ஏற்றுக்கொண்டேன்.

நினைவகத்துக்குள் நடப்பது இன்னதென்று முதலில் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அது தெரிந்தவனுக்குக் கடையில் மயங்க இடமில்லை. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்துவந்த ராபர்ட் டென்னார்ட் என்னும் பொறியியல் அறிஞர், ஒரே ஒரு பிட்டை, அதாவது ஒன்று அல்லது பூஜ்யம் என்னும் மிகச் சிறிய செய்தியை, வைத்துக்கொள்வதற்கு ஆறு டிரான்சிஸ்டர்களைச் செலவிட்டுக்கொண்டிருந்த அக்காலத்து முறையைக் கண்டு, இதே காரியத்தை ஒரு டிரான்சிஸ்டரையும் ஒரு சிறிய மின்தேக்கியையும் கொண்டு செய்துவிடலாகாதா என்று சிந்தித்தார். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம், டிரான்சிஸ்டர் அதற்கு ஒரு கதவு. 1968-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் இன்டெல் நிறுவனம் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் இதே கொள்கையில், ஆனால் ஒரு பிட்டுக்கு மூன்று டிரான்சிஸ்டர்களோடு அமைந்த, 1,024 பிட்டுகள் கொண்ட, 1103 என்னும் சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நீங்கள் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் 16 ஜிபி நினைவக ஸ்டிக் ஒன்றில் ஏறக்குறைய 13,700 கோடி மின்தேக்கிகள் இருக்கின்றன. ஆயினும் ஒவ்வோர் அறையும் டென்னார்ட் வகுத்த அந்தப் பழைய திட்டப்படியே, ஒரு கதவும் ஒரு தேக்கியுமாகவே அமைந்திருக்கிறது.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. ஒரு தேக்கியில் நிற்கும் எலக்ட்ரான்கள் சில பத்தாயிரம் மாத்திரமே; அவையும் ஓட்டைப் பானையிலிருந்து ஒழுகும் நீரைப்போல் ஒழுகிக்கொண்டே இருக்கின்றன. ஆகையால் ஒழுகித் தீர்வதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படித்துப் பார்த்து, அதிலிருந்ததை அதிலேயே மறுபடியும் எழுதிவைக்கவேண்டியிருக்கிறது. நம் முன்னோர்கள் பனையோலைச் சுவடிகளைப் பாதுகாத்த முறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலை செல்லரித்துப் பொடியாவதற்கு முன்பு, தலைமுறைக்குத் தலைமுறை புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி வந்ததனாலேயே பழைய நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. அங்கே ஒரு தலைமுறைக் காலத்தில் நடந்த காரியம், டிடிஆர்5 என்னும் இன்றைய ரக நினைவகத்தில் 32 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, அதாவது ஒரு செகண்டில் சுமார் 31 தடவை, 13,700 கோடி அறைகளிலும் நீங்கள் அறியாமலே நடந்துவருகிறது. நீங்கள் விளையாட்டில் எதிரியைக் குறிபார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில க்ஷணங்களுக்குள் உங்கள் நினைவகம் தன் முழுச் சுவடியையும் எத்தனையோ தடவை பெயர்த்தெழுதி முடித்துவிடுகிறது. பெயர்த்தெழுதுகிறவனிடத்தில் நாம் எதிர்பார்க்கும் முதற்குணம் கைவேகமா, பிழையின்மையா என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கேதான் கடைசியில் வந்து நிற்கப்போகிறேன்.

நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுப்பதும் சுவடி படிப்பதைப் போன்றதே. வேண்டிய ஒரு வரியை மாத்திரம் நேரே எடுத்துவிட முடியாது. அறைகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. முதலில் அந்த வரிசை முழுவதையும் திறக்கவேண்டும். பிறகு அதில் வேண்டிய இடத்தைத் தேடி எடுக்கவேண்டும். அடுத்து வேண்டிய செய்தி வேறொரு வரிசையில் இருக்குமானால், திறந்ததை மூடிக் கட்டிவிட்டுப் புதியதை அவிழ்க்கவேண்டும். பெட்டியின்மேல் 30-38-38-96 என்று நான்கு எண்கள் மந்திரம்போல் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திறந்திருக்கும் வரிசையிலிருந்து முதற்செய்தி வருவதற்கு நினைவகக் கடிகாரத்தின் 30 துடிப்புக் காத்திருக்கவேண்டும். மூடியிருக்கும் வரிசையைத் திறக்க 38. திறந்ததை மூட 38. ஒரு வரிசையைத் திறந்தால் குறைந்தது 96 துடிப்புக்காவது திறந்து வைத்திருக்கவேண்டும். அவ்வளவுதான் அதன் பொருள். முதல் எண்ணைத்தான் சிஎல் என்று சுருக்கமாகச் சொல்லுகிறார்கள்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடவேண்டும், பொறுமையோடு கேளுங்கள். டிடிஆர்5-6000 என்னும்போது, ஒரு கம்பியின் வழியாக ஒரு செகண்டில் 600 கோடி தடவை செய்தி செல்லுகிறது என்று பொருள். ஆனால் ஒரு துடிப்பில் இரண்டு தடவை அனுப்புவதே டிடிஆர் என்ற பெயரின் காரணமாதலால், உண்மையான துடிப்பு செகண்டுக்கு 300 கோடி, அதாவது 3000 மெகாஹெர்ட்ஸ் மாத்திரமே. கடைக்காரர்கள் 6000 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்வது பழக்கத்தினால் வந்த பிழை. ஒரு துடிப்புக்கு ஒரு நானோசெகண்டில் மூன்றில் ஒரு பங்கு. 30 துடிப்புக்கு 10 நானோசெகண்டு. இனி, பழைய நினைவகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டில் தரம் வகுக்கப்பட்ட முதல் டிடிஆரில், 400 என்ற வேகமுள்ள நல்ல ரகம் சிஎல்2. அதன் துடிப்பு 200 மெகாஹெர்ட்ஸ். இரண்டு துடிப்புக்கு 10 நானோசெகண்டு. டிடிஆர்2-800, சிஎல்4: 10 நானோசெகண்டு. டிடிஆர்3-1600, சிஎல்8: 10 நானோசெகண்டு. டிடிஆர்4-3200, சிஎல்16: மறுபடியும் 10 நானோசெகண்டு.

இதை நான் முதன்முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்த தினத்தில் எனக்கு உண்டான ஆச்சரியம் இன்னும் தணியவில்லை. கால் நூற்றாண்டுக் காலம், எத்தனையோ கோடி ரூபாய் முதலீடு, எத்தனையோ அறிஞர்களின் உழைப்பு, இவ்வளவுக்கும் பிறகு, முதற்செய்திக்காக நாம் காத்திருக்கும் நேரம் மாறவே இல்லை. மாறியது, கதவு திறந்த பிறகு பாயும் வெள்ளத்தின் அளவு. முதல் டிடிஆரில் செகண்டுக்கு 3.2 ஜிபி பாய்ந்தது, இன்றைய 6000-இல் ஒரு ஸ்டிக்கிலிருந்து மாத்திரம் 48 ஜிபி பாய்கிறது, பதினைந்து மடங்கு. சுவடிக்கட்டை அவிழ்க்கும் நேரம் அப்படியே இருக்க, அவிழ்த்த கட்டை வாசிக்கும் வேகம் மாத்திரம் பெருகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, பெட்டிமேல் இருக்கும் பெரிய எண்ணைத் தனியே பார்ப்பதில் பிரயோஜனமில்லை. அதையும் சிஎல்லையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சிஎல் எண்ணை இரண்டாயிரத்தால் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால், நானோசெகண்டு கிடைத்துவிடும். 6000 சிஎல்30 என்றால் 10. 6000 சிஎல்36 என்றால் 12. 7200 சிஎல்36 என்றாலும் 10 தான். 4800 சிஎல்40 என்றால் 16-க்கும் மேல். செயலாளர் கேட்ட 6000-க்கும் 7200-க்கும் இடையே, முதற்செய்திக்குக் காத்திருக்கும் விஷயத்தில் வேற்றுமையே இல்லாமற்போகலாம் என்பதை இந்தக் கணக்கு ஒரு நிமிஷத்தில் காட்டிவிடுகிறது.

விளையாட்டுக்கு எது முக்கியம், காத்திருக்கும் நேரமா, பாயும் அளவா? இரண்டுந்தான், ஆனால் காத்திருத்தலின் பங்கை இளைஞர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு பெரிய நகரத்தைக் காட்டும் விளையாட்டில், தெருவில் நடக்கும் ஒவ்வொரு மனிதனும், வண்டியும், பறக்கும் குண்டும் நினைவகத்தில் வெவ்வேறிடங்களில் கிடக்கின்றன. பிராசசர் ஒன்றைப் பார்த்த பிறகே அடுத்தது எங்கே என்று அறிகிறது. அது தேடும் செய்தி தன்னருகே உள்ள கேஷ் என்னும் சிறு சேமிப்பில் இல்லாவிட்டால், நினைவகம் வரையில் போய்த் திரும்புவதற்கு, வழியில் ஆகும் நேரத்தையும் சேர்த்து, 70 அல்லது 80 நானோசெகண்டு ஆகிவிடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசருக்கு அது 350 முதல் 400 துடிப்பு. மின்னலைப்போல் வேலை செய்யும் அந்த யந்திரம், அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது. ஏஎம்டி நிறுவனம் எக்ஸ்3டி என்ற பெயரில், கேஷை அடுக்கி வைத்து 96 எம்பியாகப் பெருக்கிச் செய்யும் 7800எக்ஸ்3டி போன்ற பிராசசர்கள் விளையாட்டில் பெயர்பெற்றதற்குக் காரணம் இதுவே. அவை வேகமாக ஓடுவதைவிட, நினைவகத்துக்கு அடிக்கடி போகாமலிருப்பதில் சாமர்த்தியமுள்ளவை. அவற்றை வாங்குகிறவர்கள் விலை உயர்ந்த நினைவகத்துக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை. தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல், பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸை நம்பி விளையாடுகிறவர்களின் நிலைமை இதற்கு நேர் எதிரானது. அங்கே படம் வரைவதற்கும் அதே நினைவகமே பொதுவாகிவிடுவதால், பாயும் அளவு ஒவ்வொரு துளியும் பயன்படும். வசதி குறைந்த பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள் என்பதனால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி, 7200 என்னும் எண்ணைப்பற்றி ஒன்று. ஏஎம்டியின் ஏஎம்5 வகைப் பிராசசர்களில், நினைவகத்தோடு பேசும் கட்டுப்பாட்டகம் நினைவகத்தின் துடிப்புக்குச் சமமாகத் தானும் துடிக்கவேண்டும் என்பது நல்ல நிலை. சுமார் 3000 மெகாஹெர்ட்ஸ் வரையில் அது சிரமமின்றிக் கூடவே வரும்; 6000 என்ற வேகத்தை அந்த நிறுவனமே உகந்ததென்று சொன்னதற்கு இதுவே காரணம். அதற்கு வெகுவாக மேலே போனால், கட்டுப்பாட்டகம் பாதி வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. 7200 ராமைச் செருகினால், அது 3600-இல் துடிக்க, கட்டுப்பாட்டகம் 1800-இல் துடிக்கும். அதிக விலை கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோகிறது. இன்டெல் பிராசசர்களின் அமைப்பு வேறு. அவற்றில் நல்ல மதர்போர்டு இருந்தால் 7200 ஓடுகிறது. அப்போதும் அந்தக் கூடுதல் விலையைக் கிராஃபிக்ஸ் கார்டில் சேர்த்தால் கிடைக்கும் பலன் அதிகம் என்பதே என் அபிப்பிராயம். 12, 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்களுக்கு டிடிஆர்4 மதர்போர்டும் உண்டு, டிடிஆர்5 மதர்போர்டும் உண்டு. இரண்டு ஸ்டிக்குகளிலும் 288 முனைகளே இருந்தாலும், நடுவிலிருக்கும் வெட்டு சற்றே இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. மதர்போர்டு எதுவென்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பது வேகத்தைவிட முந்திய கேள்வி. போதாத நினைவகத்தை எந்த வேகமும் ஈடுசெய்யாது. இடம் போதாமல் செய்திகளை எஸ்எஸ்டிக்குத் தள்ளி மறுபடியும் இழுத்துவரும்போது, நானோசெகண்டுக் கணக்கெல்லாம் மைக்ரோசெகண்டுக் கணக்காகி, திரையில் படம் விக்கி விக்கி நகரும். மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாட்டு 2020-இல் வந்தபோது, குறைந்தபட்சம் 8 ஜிபி, பரிந்துரை 16, சிறப்புக்கு 32 என்று அறிவித்தார்கள். நான்கே ஆண்டுகளில், 2024-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு, 16, 32, 64 என்று ஒவ்வொரு படியும் இரட்டித்துவிட்டது. எல்லா விளையாட்டும் இப்படி அன்று. இருந்தபோதிலும், புதிதாகக் கட்டும் கணினியை நாலைந்து வருஷமாவது வைத்துக்கொள்ள எண்ணுகிறவர் 32 ஜிபிக்குக் குறையாமல் வைப்பது நலம் என்று நான் துணிந்து சொல்லுவேன். 16 ஜிபியில் விளையாட முடியாதென்பதில்லை. பின்னணியில் பிரவுசரும் டிஸ்கார்டும் திறந்திருக்குமானால் நெருக்கடி சீக்கிரம் தெரியும். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு மாத்திரம் என்றால் 64 ஜிபி வீண்.

அந்த 32-ஐ, இரண்டு 16 ஜிபி ஸ்டிக்குகளாக, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்கவேண்டும். பிராசசருக்கும் நினைவகத்துக்கும் இடையே இரண்டு பாதைகள் இருக்கின்றன; ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு பாதை காலியாகக் கிடக்கும். சரி, நான்கு இடம் இருக்கிறதே, நான்கு 8 ஜிபி ஸ்டிக்குகளாகப் போட்டால் இன்னும் அழகாக இருக்குமே என்று சிலர் நினைக்கிறார்கள். விளக்கு எரியும் ஸ்டிக்குகள் நான்கும் வரிசையாக நிற்பது கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஒரு பாதையில் இரண்டு ஸ்டிக்குகள் நின்றால், மின்சமிக்ஞை தெளிவிழந்து, அதே வேகத்தில் ஓட மறுக்கிறது. ஏஎம்டி நிறுவனம் தன் ரைசன் 7000 பிராசசர்களுக்கு, இரண்டு ஸ்டிக்கானால் 5200 என்றும், நான்கானால் 3600 என்றும் தானே எழுதிவைத்திருக்கிறது. நான்கு இடமுள்ள மதர்போர்டில் இரண்டு ஸ்டிக்கை எங்கே செருகுவது என்பதிலும் ஒரு முறை உண்டு. பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, இரண்டாவது இடத்திலும் நான்காவது இடத்திலும் செருகவேண்டும். ஸ்டிக்கின் வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரண்டு கட்டைவிரல்களாலும் இரண்டு ஓரங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துங்கள். பக்கத்துப் பூட்டு தானே நிமிர்ந்து "டக்" என்று விழும். மதர்போர்டு சற்று வளைவதுபோல் தோன்றும், பயப்படவேண்டாம். அந்தச் சப்தம் கேட்காமல் பாதியில் விட்டதனால், கணினி உயிர்பெறாமல், வாங்கிய கடைக்கே மூட்டைகட்டிக்கொண்டு போனவர்கள் அநேகர்.

உயிர்பெறாத கணினி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஏஎம்5 மதர்போர்டில் முதன்முதலாகப் புதிய நினைவகத்தைப் போட்டு மின்சாரம் கொடுத்தால், ஒவ்வொரு கம்பியிலும் சமிக்ஞை எந்த நேரத்தில் வந்து சேருகிறது என்பதைப் பிராசசர் தானே அளந்து பழகிக்கொள்கிறது. அதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். அதுவரையில் திரை இருட்டாகவே இருக்கும். பதற்றத்தில் சுவிட்சை அணைத்துவிடுகிறவர்கள், அந்தப் பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் செய்கிறார்கள். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வாருங்கள், படம் வந்திருக்கும்.

படம் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. பெட்டிமேல் 6000 என்று போட்டிருந்தாலும், கணினி தானாக அந்த வேகத்தில் ஓடாது. ஜெடெக் என்னும் தரநிர்ணய அமைப்பு வகுத்த, அடக்கமான 4800 அல்லது 5600-இல்தான் தொடங்கும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்னும் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று, இன்டெல் மதர்போர்டானால் எக்ஸ்எம்பி என்பதையும், ஏஎம்டியானால் எக்ஸ்போ என்பதையும் இயக்கவேண்டும். ஏஎம்5 மதர்போர்டுக்கு வாங்கும்போது, பெட்டியிலேயே எக்ஸ்போ என்று அச்சிட்ட ஜோடியைக் கேட்டு வாங்குவது உசிதம். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், விலை உயர்ந்த நினைவகத்தை வாங்கி, இரண்டு வருஷ காலம் அதை 4800-இல் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

விலையைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ பெயர்களில், எத்தனையோ வண்ணங்களில் ஸ்டிக்குகள் விற்றாலும், உள்ளிருக்கும் சிப்புகளில் மிகப் பெரும்பகுதியைச் செய்பவை கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். அவர்கள் தம் ஆலைகளைச் செயற்கை அறிவுக்கான பெரும் கணினிகளின் பக்கம் திருப்பியதன் விளைவாக, 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நினைவக விலை மளமளவென்று ஏறிற்று. அதே ஆண்டு டிசம்பரில், 1996 முதல் நடந்துவந்த க்ரூஷியல் என்னும் சில்லறை விற்பனையை நிறுத்தப்போவதாக மைக்ரான் அறிவித்தபோது, தாமே கணினி கட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு உலகச் சந்தையில் எவ்வளவு சிறிய இடம் இருக்கிறது என்பது தெரியவந்தது. எனக்கு அது உண்மையாகவே வருத்தத்தைத் தந்த செய்தி. இத்தகைய காலத்தில், சிஎல்30-க்கும் சிஎல்36-க்கும் இடையே விலை வித்தியாசம் கணிசமாக இருந்தால், சிஎல்36-ஐயே கூசாமல் வாங்குங்கள். வர்ண விளக்குக்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்கவேண்டாம். பெரிய ஏர் கூலர் வைக்கிறவர்களுக்கு உயரமான விளக்கு ஸ்டிக் இடித்து, விசிறியே உட்காராமற்போவதும் உண்டு.

இப்போது, தொடக்கத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன, கைவேகமா பிழையின்மையா என்னும் விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை மகன் சேமித்த பணத்தில் ஒரு கணினி கட்டினான். முதலில் ஒரு 16 ஜிபி ஸ்டிக் வாங்கினான். ஆறு மாதங்கழித்து, அதே பெயர், அதே எண் போட்ட இன்னொன்றை வாங்கிச் சேர்த்தான். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப்பு மாறியிருக்கக்கூடும் என்பதும், தனித்தனியே வாங்கியவை சேர்ந்து ஓடுவதற்கு உற்பத்தியாளர்கள் உத்தரவாதம் தருவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியாது. அதன் பிறகு, விளையாட்டு நடுவில் திடீரென்று நின்று, டெஸ்க்டாப் வந்து நிற்கத் தொடங்கியது. சில நாள் நீலத்திரை. கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரை மாற்றினான். விண்டோஸை மறுபடியும் பதித்தான். பவர் சப்ளையை ஒரு நண்பனிடம் கடன் வாங்கிப் பார்த்தான். மூன்று வாரம் இப்படிக் கழிந்தது. எழுதிவைத்திருந்த கல்லூரிப் பிராஜக்ட் கோப்பு ஒன்று திறக்க முடியாமல் கெட்டுப்போன அன்று, "மாமா, என்னால் ஆகவில்லை" என்று அழாத குறையாக என்னிடம் வந்தான்.

கோப்பு கெட்டது என்றவுடனே எனக்கு நினைவகத்தின்மேல் சந்தேகம் பிறந்தது. மற்ற உறுப்புகள் பழுதுபட்டால் வேலை நின்றுபோகும். நினைவகம் பழுதுபட்டால் வேலை நடந்துகொண்டே, தவறாக நடக்கும். அந்த வேற்றுமையில்தான் அதன் கொடுமை இருக்கிறது. ஏடு பெயர்த்தவன் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால், அடுத்துப் பெயர்ப்பவன் அந்தப் பிழையையே பாடமென்று நம்பி எழுதுகிறான் அல்லவா? நினைவகத்தில் மாறிய ஒரு பிட்டு, டிஸ்கில் எழுதப்பட்டுவிட்டால், பிறகு அதுவே மூலம். 1978-இல் இன்டெலைச் சேர்ந்த டிமோத்தி மே, மர்ரே வுட்ஸ் என்னும் இருவர், சிப்பை மூடியிருக்கும் பீங்கானில் கலந்திருந்த அணுவளவான யுரேனியமும் தோரியமும் வெளிவிடும் ஆல்ஃபா துகள் ஒன்று பாய்ந்தாலே ஒரு பிட்டு புரண்டுவிடும் என்று கண்டு சொன்னார்கள். அவ்வளவு மெல்லிய பொருள் அது. டிடிஆர்5 சிப்புகளுக்குள், 128 பிட்டுக்கு ஒரு பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டென்பது மெய்யே. ஆயினும் சிப்பை விட்டு வெளியே வந்து, பிராசசரை நோக்கிச் செல்லும் வழியில் நேரும் பிழையை அது அறியாது. சர்வர்களில் இருக்கும் முழுப் பாதுகாப்பு நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இல்லை. ஆதலால் சோதித்துப் பார்ப்பது ஒன்றே நமக்குள்ள வழி.

அன்றிரவு மெம்டெஸ்ட்86 என்னும் நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குப் போகவிடாமல், நேரே அதிலிருந்து கணினியைத் தொடங்கினோம். நினைவகம் முழுவதிலும் ஒரு கோலத்தை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று பார்ப்பதும், பிறகு கோலத்தைத் தலைகீழாக்கி மறுபடியும் பார்ப்பதும் அதன் வேலை. இலவசப் பதிப்பு இந்தச் சுற்றை நான்கு முறை செய்யும். முதற்சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. பையன் ஏமாற்றத்தோடு எழுந்து போய்ப் படுத்துவிட்டான். இரண்டாம் சுற்று பாதி நடந்தபோது ஒரு சிவப்பு வரி தோன்றிற்று. எழுதியது ஒன்று, படித்தது ஒன்று. நீண்ட எண்ணில் ஒரே ஓர் இடத்தில் மாத்திரம் வித்தியாசம். சற்று நேரத்தில் அதே முகவரியில் இன்னொரு வரி. மறுநாள் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பார்த்தோம். பழைய ஸ்டிக் சுத்தம். புதிதாகச் சேர்த்த ஸ்டிக், எக்ஸ்போவை அணைத்து 4800-க்கு இறக்கிய பிறகும், அதே முகவரியில் தவறியது. வாங்கிய கடையில், மூன்று வாரமாயிற்றென்று முதலில் தயங்கினார்கள். சிவப்பு வரியின் புகைப்படத்தைக் காட்டியபின், இரண்டையும் வாங்கிக்கொண்டு, மேற்கொண்டு சிறிது பணம் பெற்று, ஒரே பெட்டியில் வந்த ஜோடியைக் கொடுத்தார்கள்.

ஜோடியை இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகி, இருட்டுத்திரை தெளியும்வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். எக்ஸ்போவை இயக்கி, விண்டோஸை நிறுவுவதற்கு முன்பாகவே சோதனையைத் தொடங்கிவிட்டு, விளக்கை அணைத்தோம். அதிகாலை ஐந்து மணிக்கு நான் எழுந்து பார்க்கையில், அவன் எனக்கு முன்பே எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். நான்காம் சுற்று முடிந்திருந்தது. பிழைகள் என்ற சொல்லுக்கு நேரே ஒரு பூஜ்யம் நின்றது. அவன் அதை விரலால் தொட்டுக் காட்டினான்.